முதலில் தூசியைத் தட்டுங்க, அப்புறம் கிராபிக்ஸ் கார்டு பேசலாம்

"மச்சி, அதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போடுடா. நாலு பேரீச்சம்பழமாவது கிடைக்கும்."

போன வாரம் ஹாஸ்டலில் என் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த இரங்கல் உரை இது. சொன்னவன் என் ரூம்மேட். அவன் மட்டும் இல்லை, வகுப்பில் கேம் ஆடும் கூட்டம் மொத்தமும் இதே பாட்டைத்தான் பாடுகிறது. பழசில் காசு போடாதே, மொத்தமாகப் புதுசு வாங்கு, இஎம்ஐ இருக்கவே இருக்கு. இல்லை, பழசில்தான் போடுவேன் என்று அடம்பிடித்தால் அதற்கும் ஒரு மந்திரம் ரெடியாக வைத்திருக்கிறார்கள்: "பெரிய கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு வாங்கிச் சொருகு."

இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் கேம் ஆடப் போகலாம் :-)

முதலில் நோயாளியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது அசெம்பிள் செய்த மெஷின், கடையை மூடியதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்டெல் கோர் ஐ5 4460, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் ஒரே குச்சி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், 1366-க்கு 768 மானிட்டர். பிராசஸரும் கார்டும் 2014-ல் வந்தவை. நான் அப்போது மூக்கொழுகிக்கொண்டு திரிந்த காலம்.

இப்போது வீட்டில் அதன் முன்னால் உட்காருவது இரண்டு பேர். லீவில் நான். மற்ற நாளெல்லாம் பிளஸ் டூ படிக்கும் என் தங்கச்சி. நான் ஆடுவது கேம். அவள் பார்ப்பது பாட வீடியோ, போட்டுப் பார்ப்பது மாதிரித் தேர்வு.

இந்தத் தடவை சாமை விற்ற காசில் அம்மா 15,000 ரூபாயை எடுத்து வைத்து, "அந்தப் பொட்டியைச் சரி பண்ணுடா, புள்ள அது தொறக்கறதுக்குள்ள தூங்கிப் போயிடுது" என்றார். எங்கள் பக்கம் சாமை விவசாயம் பார்த்தவர்களுக்கு 15,000 ரூபாய் எத்தனை நாள் முதுகுவலி என்று தெரியும். கீழே ஊரில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, இதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று 68,000-க்கு ஒரு கொட்டேஷன் எழுதிக் கையில் கொடுத்தார். கலர் கலராக எரியும் நான்கு ஃபேன் அதில் அடக்கம். ஃபேன் எரிந்தால் கேம் வேகமாக ஓடும் என்று எந்த மகான் கண்டுபிடித்தானோ!

எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. அவருக்கு அது வியாபாரம். கோபமெல்லாம், படித்துவிட்டு, அதுவும் கம்ப்யூட்டரே படித்துவிட்டு, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமலே மருந்துச்சீட்டு எழுதும் நம்ம ஆட்கள்மேல்தான்.

காவலூர் என்ன சொல்கிறது?

எங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம் போகும் சாலையில் காவலூர் வரும். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று உண்டு. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் செய்தது. 1972-ல் நிறுவினார்கள். அதே வருஷம் வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைப் பிடித்தது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்ட தொலைநோக்கிகளில் இதுவும் ஒன்று. 2022-ல் அரை நூற்றாண்டு கண்டது. பக்கத்திலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் வந்தது. 1.3 மீட்டர் தொலைநோக்கி 2014-ல் வந்தது. அதற்காகப் பழசை யாரும் பேரீச்சம்பழத்துக்குப் போடவில்லை.

எப்படித் தாக்குப் பிடித்தது? கண்ணாடி அதேதான். மாறியது கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது. அந்தக் காலத்தில் நட்சத்திரங்களைப் போட்டோ தட்டில் பிடித்தார்கள். தட்டில் நூறு ஒளித்துகள் விழுந்தால் உருப்படியாகப் பதிவாவது ஒன்றோ இரண்டோ. பிறகு சிசிடி வந்தது. நல்ல சிசிடியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பதிவாகும். கணக்குப் போடுங்கள். இரண்டு எண்பதானால் நாற்பது மடங்கு. அதே லாபத்தைக் கண்ணாடியைப் பெரிதாக்கி எடுக்க வேண்டும் என்றால், பரப்பு நாற்பது மடங்கு ஆக வேண்டும். அதாவது ஒரு மீட்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆறு மீட்டருக்கு மேல் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கட்டடம், குவிமாடம் எல்லாம் புதுசு. வேலை ஆனதோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லில்.

இன்னொன்றும் உண்டு. தொலைநோக்கிக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சு தூசியிலும் ஈரத்திலும் மங்கும். மங்கினால் கண்ணாடியை மாற்ற மாட்டார்கள். பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள்.

வானத்தை அளக்கிறவர்களே ஒளி எங்கே வீணாகிறது என்று பார்த்து அந்த இடத்தில்தான் கை வைக்கிறார்கள். நாம் மட்டும் எதையும் அளக்காமல், எது பெரிசாக எரிகிறதோ அதை வாங்குகிறோம்.

அளந்தால் என்ன தெரிகிறது?

போளூர் வரை எத்தனை வழிச் சாலை போட்டாலும், மலைப்பாதை வளைவில் பஸ் முதல் கியருக்குத்தான் வரும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். எந்த வளைவில் நிற்கிறது என்று தெரியாமல் சாலை போடக் கூடாது.

அளக்கப் பைசா செலவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேமை ஓட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டு 95, 99 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் அடைப்பு கார்டில். கார்டு பாதி வேலைதான் செய்கிறது, ஆனால் பிராசஸரின் ஏதோ ஒரு கோர் மூச்சுவாங்குகிறதா? அடைப்பு பிராசஸரில். ரேம் நிரம்பி வழிந்து, டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறதா? ரேம் போதாமல் ஹார்டு டிஸ்க்கை ரேமாக வைத்து ஒப்பேற்றுகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால், கார்டுமேல் பழி போடாதீர்கள்.

எனக்கு வந்த முடிவு இது. கேம் திறந்த சில நிமிடத்தில் பிராசஸர் சூடு 100 டிகிரியைத் தொட்டுத் தொட்டு வந்தது. அந்த இடத்துக்குப் போனால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரேம் 4 ஜிபியும் காலி. டிஸ்க் ஓயாமல் 100. கார்டோ பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆக, "பெரிய கார்டு வாங்கு" என்ற என் நண்பர்களின் பேச்சைக் கேட்டிருந்தால், சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குச் சம்பள உயர்வு கொடுத்திருப்பேன்.

என் வரிசை

முதலாவது, தூசி. கேபினட்டைத் திறந்தால் ஹீட்சிங்க் தெரியவில்லை, கம்பளிதான் தெரிந்தது. விறகடுப்புப் புகையும் மண் தரைத் தூசியும் சேர்ந்து பிசினாகப் படிந்திருந்தது. ஒரு பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் தெர்மல் பேஸ்ட், அரை நாள். சூடு 70-க்கு இறங்கியது. இதைச் செய்யாமல் புது பார்ட் வாங்குகிறவன், மங்கிய கண்ணாடியைத் துடைக்காமல் புது தொலைநோக்கி கேட்கிறவன்.

இரண்டாவது, எஸ்எஸ்டி. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் அது ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு. எச்81-ல் சாட்டா இணைப்புதான் உண்டு, அது போதும். இதனால் கேமில் ஃபிரேம் பெரிதாக ஏறாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி தூங்கிப் போவதற்குள் பெட்டி திறக்கும்.

மூன்றாவது, ரேம். எச்81-ல் இரண்டு இடம், அதிகபட்சம் 16 ஜிபி டிடிஆர்3. ஒரே குச்சி போட்டால் ஒரு வழிப் பாதை. ஒரே மாதிரி இரண்டு போட்டால் இருவழி, நொடிக்கு 12.8 ஜிபி போகிற இடத்தில் 25.6. 2025 கடைசி மாதங்களில், ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. புது மெஷின் என்றால் பெரும்பாலும் டிடிஆர்5 வாங்க வேண்டும். பழைய டிடிஆர்3 குச்சியோ, ஆபீஸ்களிலிருந்து கழித்துக்கட்டிய மெஷின்களிலிருந்து செகண்ட் ஹேண்டில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிறது. "பழசில் காசு போடாதே" என்கிற புண்ணியவான்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கரண்ட். இது யாருக்கும் பிடிக்காத செலவு, ஏனென்றால் திரையில் தெரியாது. மலையில் மழைக்காலத்தில் இடியும் கரண்ட் கட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் எப்படி இருக்கும் என்று ஹாஸ்டல்காரர்களுக்குத் தெரியாது. பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் ஒரு நாள் செத்தால் தனியாகச் சாகாது, மதர்போர்டையும் உடன்கட்டை ஏற்றிவிட்டுத்தான் போகும். அதனால் உண்மையான வாட்டேஜ் போட்ட, 80 பிளஸ் சான்று பெற்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று. வீட்டில் செத்துக் கிடந்த 600 விஏ யுபிஎஸ்ஸுக்குப் புது யுபிஎஸ் தேவையில்லை, 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று மட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தோம். சரியாக இல்லை! பத்து வருஷம் இந்த மெஷின் எப்படிப் பிழைத்தது என்பது குலசாமிக்குத்தான் வெளிச்சம்.

ஐந்தாவதாகத்தான் கிராபிக்ஸ் கார்டு. அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. என் மானிட்டரில் மொத்தம் பத்தரை லட்சம் புள்ளிகள். 1920-க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கு மேல். அதாவது என் கார்டுக்குப் பாதி வேலைதான். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும். 150 ஃபிரேம் வருகிறது என்று மார்தட்டுகிறவன் மீதி 90-ஐ எங்கே பார்க்கிறானாம்?

"புதுசா வந்ததை வாங்கு" என்பதும் பொறி. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நான்கு லேன் மட்டும் வைத்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் சமாளிக்கும். என் எச்81 போர்டு 2.0. அதில் சொருகினால் பாதையின் அகலம் கால்வாசி ஆகிவிடும். மலிவான செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1060 பக்கம் போகலாமா என்றால், அந்தத் தலைமுறைக்குக் கேம் டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். என் 750 டிஐ-க்கும் இதே கதி. 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை. என் பழைய கார்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். 75 வாட்தான் குடிக்கும், தனி ஒயர் இல்லாத மாடல் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் நல்லது ஒன்று கிடைத்தால், என் போர்டிலேயே சொருகி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

ஆறாவது என்று ஒன்று இல்லை. புதுத் தலைமுறை பிராசஸருக்குப் போனால் மதர்போர்டு மாறும், மதர்போர்டு மாறினால் ரேம் மாறும். அதன் பெயர் அப்கிரேட் இல்லை, தவணை முறையில் புது மெஷின். எங்கே நிறுத்துவது என்று கேட்டவர்களுக்கு என் கோடு அதுதான்.

எதிர்க்கட்சி வாதங்கள்

"விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சு போச்சே?" உண்மை. 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாவது தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0-வும். என்னுடையது நாலாவது தலைமுறை. ஆனால் இது மெஷின் செத்ததற்கான சான்றிதழ் இல்லை, ஒரு கம்பெனி கை கழுவியதற்கான சான்றிதழ். லினக்ஸ் போட்டாயிற்று. ஸ்டீமில் 2018 முதல் புரோட்டான் இருக்கிறது, விண்டோஸ் கேம்கள் ஏராளமாக ஓடுகின்றன. வேலரண்ட் ஓடாது, ஃபோர்ட்நைட் ஓடாது. அவை இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பவர்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

"புது கேம் ஓடாதே?" ஆமாம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025-ல் வந்த டூம் எல்லாம் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இல்லாமல் திறக்கவே திறக்காது. 1650-ல் அது கிடையாது. இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. 68,000 கொடுத்து வாங்கிய பிறகு நீங்கள் தினமும் ஆடுவது என்ன? என் ரூம்மேட் ஆடுவது பத்து வருஷத்துக்கு முந்தைய ஜிடிஏ 5 :-)

"இதெல்லாம் எதிர்காலத்துக்கான முதலீடுடா." முதலீடு என்றால் விலை ஏற வேண்டும். வாங்கி வந்த மறுநாளே இறங்குகிற சாமானுக்கு வேறு பெயர். மூன்று வருஷம் கழித்து வரப்போகும் கேமுக்காக இன்று வட்டி கட்டுவது, அடுத்த வருஷ மழைக்கு இந்த வருஷமே குடை பிடிப்பது போல.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "கேமே தண்டம், அதுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாதே" என்கிற பெரியவர்கள் கட்சி. அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. கேபினட்டைத் திறக்கக் கற்றுக்கொடுத்தது எனக்குக் கேம்தான், பாடப்புத்தகம் இல்லை. ஆடுகிற ஆசை இல்லாவிட்டால் அந்தத் தூசிக் கம்பளியை இன்னும் பத்து வருஷம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. என் வரிசையை மறுபடி பாருங்கள். தூசி, எஸ்எஸ்டி, ரேம், கரண்ட். நாலும் வீட்டில் எல்லாருக்கும் உதவுகிறவை. ஐந்தாவது எனக்கு மட்டும். நண்பர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அம்மாவின் 15,000-ல் முதலில் வந்திருப்பது எனக்கு மட்டுமான அந்த ஐந்தாவது. மிச்சம் இருந்தால் தங்கச்சிக்கு. மிச்சம் இருந்திருக்காது. வரிசை என்பது வெறும் டெக்னிகல் விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். காசு யாருடையது, உட்காரப் போவது யார் என்பதும் அதில் இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் உறைத்தது.

நாலு வேலையும் முடிந்துவிட்டது. மீதிக் காசு அம்மாவிடமே இருக்கிறது. 1650 வாங்க அது போதாது, லீவில் ஏதாவது வேலை பார்த்து நான்தான் போட வேண்டும். அதுவரை 750 டிஐ-யே ஓடட்டும். இப்போது அது சும்மா உட்காருவதில்லை. 99 சதவீதம் காட்டுகிறது. அதாவது, என் நண்பர்கள் சொன்ன "பெரிய கார்டு வாங்கு" இன்றைக்குத்தான் சரி. என்ன, நாலு வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

டிஸ்கி: ரூம்மேட்டின் புது மெஷின் போன மாதத்திலிருந்து சூடாகி அணைந்து அணைந்து போகிறது. பெயிண்ட் பிரஷ் கடன் கேட்டிருக்கிறான். கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.